எட்டும் தூரத்துக் கடவுள்

எங்கும் நிறைந்தவன் என்று சொன்ன அதே வாய், அடுத்த மூச்சில் ‘எங்க ஊர்ச் சாமி’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் முரண் இருப்பதாக அதைச் சொல்கிறவருக்கும் தோன்றுவதில்லை, கேட்கிறவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் தர்க்கத்தின் கையில் கொடுத்தால் முரண் இருக்கத்தான் செய்கிறது. எல்லையில்லாத ஒன்றுக்கு எல்லைக்கல் நட்டு, தெருவும் தேர்நாளும் கொடுத்து, இன்ன ஊரில் இன்ன பெயரில் இருக்கிறார் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? எல்லா இடத்திலும் ஒரே நிறைவோடு இருப்பவர் ஓரிடத்தில் மட்டும் எப்படிக் கூடுதலாக இருக்க முடியும்? பழைய கேள்விதான். ஆனால் சின்ன ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு இதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கடவுள் ஓர் ஊருக்குள் அடங்குவார் என்றால் மனித வாழ்க்கையும் ஓர் ஊருக்குள் முழுமையாக அடங்குமா? சின்ன ஊரிலேயே வாழ்ந்து முடிப்பது நிறைவா, குறையா? இந்த இரண்டு கேள்விகளும் அடியில் ஒன்றே என்பதும், முதலாவதற்கு நாம் சொல்லும் பதில் இரண்டாவதையும் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வியைக் கேட்க ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் சோழபுரம், சேத்தூர், தேவதானம், சத்திரப்பட்டி என்று நெருக்கமாக அமைந்த ஊர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இராஜபாளையம் நகரத்தில் சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் எழுபத்தைந்தாயிரம் பேர். மற்றவை இவற்றைவிடச் சிறியவை. ஒன்றில் பஞ்சாலை, ஒன்றில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி, ஒன்றில் பால்கோவா, கொஞ்ச தூரத்தில் சிவகாசியின் பட்டாசும் அச்சும். வேலை இல்லாத ஊர்கள் என்று இவற்றைச் சொல்ல முடியாது. ஆனாலும் படித்து முடித்த பிள்ளையிடம் ‘ஊர்ல என்ன இருக்கு?’ என்று கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அது பதிலை எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வியே இல்லை. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோதான் ‘வாழ்க்கை’ இருக்கிறது, இங்கே இருப்பது அதற்கான காத்திருப்பு என்பது அதன் உள்ளர்த்தம். பிழைப்பைப் பற்றிய பேச்சாகத் தெரிந்தாலும் இதற்குள் ஒரு தத்துவ முடிவு ஒளிந்திருக்கிறது. எது பெரிதோ அதில்தான் உண்மை அதிகம், எது சிறிதோ அது பெரியதன் குறைந்த பிரதி என்பதே அந்த முடிவு. இந்த வட்டாரத்தின் சமய மரபு பல நூற்றாண்டுகளாக மறுத்துவருவது சரியாக இந்த முடிவைத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் மூலவர் வடபத்ரசாயி. ஆலிலையில் பள்ளிகொண்ட குழந்தை என்பது அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை. ஊழிக்காலத்தில் எல்லாம் நீரில் மூழ்கிய பிறகு மார்க்கண்டேய முனிவர் தனியே அலைகிறார். ஓர் ஆலமரத்தில் ஒரு குழந்தையைக் காண்கிறார். அதன் வாய்க்குள் இழுக்கப்பட்டு உள்ளே போனால், அழிந்துபோனதாக அவர் நினைத்த மலைகளும் ஆறுகளும் நகரங்களும் மக்களும் அங்கே அப்படியே இருக்கின்றன. மகாபாரதத்தின் வன பருவம் சொல்லும் இக்கதையை வெறும் அற்புதமாகக் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இதில் ஒரு நுட்பமான கூற்று இருக்கிறது. உலகம் குழந்தைக்கு வெளியே இருந்தபோது அழிந்தது, உள்ளே இருந்தபோது பிழைத்தது. பெரியதைக் காப்பாற்றியது சிறியது. அந்த ஊரில் நந்தவனம் வளர்த்து மாலை கட்டிய பெரியாழ்வார், கண்ணனின் வாய்க்குள் உலகம் முழுவதையும் யசோதை கண்டதைப் பாடினார் என்பதும் தற்செயலாகப் படவில்லை. அளவில் சிறியது பொருளிலும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்த ஊரின் இறையியல் அடிமட்டத்திலேயே தகர்க்கிறது.

சைவத்தின் பக்கம் திரும்பினாலும் இதே துணிச்சல் தெரிகிறது. ஐம்பூதங்களுக்கும் தலங்கள் என்றால் காஞ்சிபுரம், திருவானைக்காவல், திருவண்ணாமலை, காளத்தி, சிதம்பரம் என்று சொல்வோம். அவற்றைச் சுற்றி வர ஆந்திரம் வரை போக வேண்டும். ஆனால் இந்த வட்டாரத்தில் இன்னொரு பட்டியல் வழங்குகிறது. மண்ணுக்குச் சங்கரன்கோவில், நெருப்புக்குக் கரிவலம்வந்தநல்லூர், நீருக்குத் தாருகாபுரம், காற்றுக்குத் தென்மலை, ஆகாயத்துக்குத் தேவதானம். ஐந்தும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. சிவராத்திரிக்கு அப்படிச் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய தலங்களைப் பார்த்து அடித்த நகல் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் நகல் எடுத்தவர்களின் துணிவைக் கவனிக்க வேண்டும். ஆகாயம் தேவதானத்துக்கு மேலேயும் முழு ஆகாயமாகவே இருக்கிறது, சிதம்பரத்தில் இருப்பதைவிடக் குறைவாக இல்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. எங்கும் நிறைந்த ஒன்று எந்தத் துண்டிலும் துண்டாக இருக்காது, எடுத்த இடத்திலெல்லாம் முழுதாகவே இருக்கும். அப்படியானால் ‘எங்க ஊர்ச் சாமி’ என்பதில் முரண் இல்லை. எங்கும் நிறைந்தவர் என்ற கொள்கையிலிருந்து நேராக வந்து சேரும் முடிவு அது.

இதை இன்னும் கூர்மையாகச் சொன்னவர் வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர். வைணவம் இறைவனுக்கு ஐந்து நிலைகள் சொல்லும்: பரமபதத்தில் இருக்கும் நிலை, பாற்கடல் நிலை, அவதாரங்கள், ஒவ்வோர் உயிருக்குள்ளும் உறையும் நிலை, கோயில் திருமேனியாகிய அர்ச்சை. இந்த ஐந்தையும் தாகம் எடுத்தவனுக்குக் கிடைக்கக்கூடிய ஐந்து வகை நீரோடு அவர் தமது ஸ்ரீவசனபூஷணத்தில் ஒப்பிடுகிறார். உள்ளே உறைவது நிலத்தடி நீர். காலடியிலேயே இருந்தாலும் தோண்டத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். பரமபதம் அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர். பாற்கடல், பெயர் சொன்னாலே போதும், போய்ச் சேர முடியாத தூரம். அவதாரங்கள் பெருக்கெடுத்து ஓடிய ஆறு. அந்தக் காலத்தில் கரையில் நின்றவர்களுக்கு மட்டும் கிடைத்தது. அர்ச்சையோ அந்த வெள்ளம் வடிந்த பிறகும் மடுக்களில் தேங்கி நிற்கும் நீர். மலையில் பெய்வதைக் கண்மாயில் தேக்கி வைத்துத்தான் ஆண்டைக் கடத்த முடியும் என்று தெரிந்த மண்ணில் இந்த ஒப்புமைக்கு உரை தேவையில்லை. இதன் வாதம் மிக எளிது. கடலின் பெருமை தாகத்தைத் தீர்ப்பதில்லை, எட்டும் தூரத்தில் நிற்கும் நீர்தான் தீர்க்கும். வைணவர்கள் இந்தக் குணத்துக்குச் சௌலப்யம் என்று பெயரிட்டார்கள். இறைவனின் மேன்மையான பரத்வத்துக்கு அதை ஈடாக வைத்ததோடு நிற்காமல், அடியவனின் கண்ணில் அதற்கும் மேலாக வைத்தார்கள். சிறிதாக இருக்க முடிவதே பெரியதன் மிகப் பெரிய ஆற்றல் என்பது இதிலிருந்து கிடைக்கும் தத்துவம்.

இங்கே முதல் எதிர்வாதம் வரும். அதை வெளியில் தேடிப் போக வேண்டியதில்லை, சித்தர்களின் மலை என்று மக்கள் போற்றும் சதுரகிரி இதே தொடரில்தான் நிற்கிறது. கல்லை நட்டுவைத்துப் பூச்சூட்டிச் சுற்றிவருவதைச் சிவவாக்கியர் எள்ளியது தமிழில் எல்லோரும் அறிந்தது. உள்ளே இருப்பவனை விட்டுவிட்டு ஊர் ஊராக அலைவது அறியாமை என்பது சித்தர் மரபின் பொதுக்குரல். இந்தக் குரலை ஒதுக்கிவிட்டு வாதத்தை நடத்த முடியாது. கோயில் இருக்கிறது என்பதனாலேயே கடவுள் தன் உடைமை என்று ஓர் ஊர் நினைக்கத் தொடங்கும்போது, அதைத் தட்டிக்கேட்க இந்தக் குரல் வேண்டும். ஆனால் சித்தர் சொல்வதை முழுதாகக் கேட்டால் அவரும் இடத்தைத் துறக்கவில்லை என்பது தெரியும். கோயிலை விட்டு உடம்புக்கு வருகிறார். உடம்பும் ஓர் இடம்தான், அதுவும் மிகச் சின்ன இடம். எல்லையில்லாததை எல்லையுள்ள ஒன்றின் வழியாகத்தான் தொட முடியும் என்பதில் சித்தருக்கும் ஆழ்வாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த எல்லை என்பதில்தான் வேறுபாடு. உடம்பைத் தேர்ந்தால் மனிதன் தன்னோடு தனியாக இருக்கிறான். ஊரைத் தேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு இருக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது பாதையின் அருமையும் ஆபத்தும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மண்ணுக்கே புனிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இதைப் புரிந்துகொண்டால் அதுவும் பிழையாகிவிடும். பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் டெல்லிப் படை தெற்கே வந்தபோது திருவரங்கத்து அழகிய மணவாளனின் உற்சவத் திருமேனியை அடியவர்கள் ஊரைவிட்டு எடுத்துச் சென்றார்கள். அந்தக் கூட்டத்தை நடத்திப்போனவர் மடுவின் நீரை எழுதிய அதே பிள்ளை லோகாசாரியர் என்றும், மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது என்றும் வைணவ மரபு சொல்கிறது. பல ஊர்கள் அலைந்து, திருப்பதியிலும் தங்கி, 1371இல் அந்தத் திருமேனி அரங்கம் திரும்பியது. ஓரிடத்தில் நிலைத்து நிற்பதே பெருமை என்று சொன்ன மரபு, அந்த இடம் கைவிட்டுப் போனபோது கடவுளும் போய்விட்டார் என்று சொல்லவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தது. இடம் என்று அவர்கள் நினைத்தது நிலத்தை மட்டும் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். தினமும் விளக்கேற்றவும் பசியாற்றவும் காக்கவும் ஒரு கூட்டம் ஒப்புக்கொண்ட கடமைதான் அவர்கள் பொருளில் ஊர். இந்தப் பொருளை விட்டுவிட்டால் ஊர்ப்பற்று வெறும் எல்லைச் சண்டையாக முடியும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. பெரியாழ்வாரின் மகள் ஆண்டாளே ஊரில் தங்கவில்லையே? பல்லக்கில் ஏறித் திருவரங்கம் போய் அரங்கனோடு கலந்தாள் என்றுதானே கதை? சின்ன ஊரின் மிகச் சிறந்த மகளே பெரிய ஊருக்குப் போய்த்தான் நிறைவடைந்தாள் என்றால், வேலை தேடிப் பேருந்து ஏறும் இளைஞர்களை எப்படிக் குறை சொல்ல முடியும்? அவர்களைக் குறை சொல்வது இந்த வாதத்தின் நோக்கமே இல்லை. ஆனால் ஆண்டாள் கதையை முழுதாக வைத்துப் பார்க்க வேண்டும். போவதற்கு முன் அவள் செய்தது முக்கியமானது. யமுனைக் கரையின் ஆயர்பாடியை அவள் கண்ணால் கண்டதில்லை. அங்கே போகவும் இல்லை. தன் வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயியின் கோயிலையே நந்தகோபன் மாளிகையாகவும், தன் தோழியரையே ஆய்ச்சியராகவும் பாவித்து, திருப்பாவையின் முப்பது பாட்டில் ஒரு மார்கழியை நடத்திக் காட்டினாள் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். அதன் பிறகு போனாள். போன கதையோடு வந்த கதையையும் ஊர் வைத்துக்கொண்டிருக்கிறது. அரங்கன் மாப்பிள்ளையாக ரங்கமன்னார் என்ற பெயரில் இங்கே வந்து நிற்கிறார், பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம் இங்கேயே நடக்கிறது. பெரிய இடத்துக்குப் போவது ஒருவழிப் பயணம் இல்லை என்று அந்த ஊர் தன் திருவிழா நாட்காட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது.

நுட்பமான வாசகர் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாம். தன் ஊரின்மேல் இன்னோர் ஊரைப் போர்த்திப் பார்த்தாள் என்றால், தன் ஊர் அவளுக்குப் போதவில்லை என்றுதானே பொருள்? தப்பிக்கத்தானே கற்பனை? கைபேசித் திரையில் நாள் முழுவதும் வேறோர் உலகத்தில் இருக்கிற இன்றைய சின்ன ஊர் இளைஞருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கற்பனை எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் வித்தியாசம். திரையில் வரும் தூரத்து உலகம் ஒருவருக்கு மட்டும் வருகிறது. வரும்போதே கதவைச் சாத்திவிடுகிறது. திருப்பாவையில் வரும் தூரத்து உலகம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்குக் காரணமாகிறது. ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டுகள் பத்து வீட்டு வாசலில் நிற்கின்றன. இறைவனைக் காணப் போகிறவளுக்கு நேராகக் கோயிலுக்குப் போகத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உறங்குகிறவளை விட்டுவிட்டுப் போக மனமில்லை. தனியாகப் போனால் போன இடத்தில் பயன் இல்லை என்பது அந்தப் பத்துப் பாட்டுகளின் சமயக் கொள்கை. முக்தியையே ஒரு தெருவின் பொதுக்காரியமாக மாற்றிய இந்தப் பார்வைக்கு உலக இலக்கியத்தில் இணை அதிகம் இல்லை.

சிறியது பெரியதுக்குக் கொடுக்கும் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. திருப்பதியில் புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கும், மதுரையில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகிறது. பெருஞ்செல்வமுள்ள கோயில் ஒரு சின்ன ஊர்ப் பெண் சூடிய மாலைக்காகக் காத்திருக்கிறது. விஜயநகரப் பேரரசை 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் காவியம் எழுத அமர்ந்தபோது எடுத்துக்கொண்டது வில்லிபுத்தூரின் இந்தத் தந்தை மகள் கதையைத்தான். அதுவே ஆமுக்தமால்யதா. இதற்கு எதிர்த்திசையில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் இந்த வட்டாரத்துக்கு வந்து இராஜபாளையத்தை உருவாக்கினார்கள். நாசரேத்து போன்ற ஊரிலிருந்து நல்லது ஏதும் வருமா என்று யோவான் நற்செய்தியில் நாத்தான்வேல் கேட்ட கேள்விக்குக் கிறித்தவ சமயம் முழுவதுமே பதிலாக நிற்கிறது. வாழ்நாள் முழுவதும் கோனிக்ஸ்பெர்க்கையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாத தத்துவவாதி இம்மானுவேல் காண்ட், மனிதரைப் பற்றிய அறிவைப் பயணம் செய்யாமலே அங்கே பெறலாம் என்று எழுதினார். அதே இடத்தில் அவர் கொடுத்த காரணத்தைச் சேர்த்தே படிக்க வேண்டும். அது பல மொழி பேசும் மக்கள் வணிகத்துக்கு வந்துபோகும் துறைமுக நகரம். அவர் ஊரைப் பெரிதாக்கியது திறந்திருந்த அதன் வாசல். எந்தச் சின்ன ஊருக்கும் இந்தத் தகுதி தானாக வந்துவிடாது. வருகிறவருக்கும் போகிறவருக்கும் அதன் கதவு திறந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை மூன்றாவது எதிர்வாதத்தில் கொண்டுபோய் விடுகிறது. மற்ற இரண்டையும்விடக் கனமானது இதுதான். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்கிறீர்கள். தெரிந்ததனால் என்ன நடக்கிறது? யார் எந்தத் தெரு, எந்தச் சாதி, யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பதெல்லாம் தெரிகிறது. நகரத்தில் ஒருவர் பெயரை மட்டும் சொல்லி வாடகைக்கு வீடு கேட்டுப் பார்க்கலாம். சின்ன ஊரில் அவர் வாய் திறக்கும் முன்பே பதில் தயாராக இருக்கும். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை இந்தியாவின் ஆன்மாவாகக் கொண்டாடியவர்களை மறுத்தார். குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகவே அதைக் கண்டார். இந்தப் பகுதியின் வரலாறே அவர் பக்கம் சாட்சி சொல்லும். சிவகாசியில் சிவன் கோயிலுக்குள் நுழையும் உரிமையை நாடார்கள் கேட்டது 1899இல் ரத்தக்களரியில் முடிந்தது. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள்மேல் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டும் தூரத்தில் கடவுள் இருக்கிறார் என்று ஒரு மரபு பாடிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வாழ்ந்த பெரும் மக்கள் கூட்டத்துக்கு அந்தக் கடவுள் பாற்கடலைவிடத் தூரமாக வைக்கப்பட்டிருந்தார்.

இதை மறுக்கவும் முடியாது, ‘அது அந்தக் காலம்’ என்று கடந்துவிடவும் முடியாது. சின்ன ஊரின் நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேர், ஒருவரையொருவர் அறிந்திருப்பது. திருப்பாவையின் அந்தப் பத்து வாசல்களுக்கே திரும்பிப் போனால் இது விளங்கும். வாசலில் நிற்கும் பெண்களுக்கு உள்ளே இருப்பவளைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. யார் வீட்டு எருமை பாலைச் சொரிந்து தரையைச் சேறாக்குகிறது, முந்தின நாள் ‘நான்தான் முதலில் எழுந்து உங்களை எழுப்புவேன்’ என்று வாய்ச்சவடால் விட்டவள் யார், யாருடைய அம்மாவிடம் ‘உன் மகளுக்கு என்ன ஆயிற்று, பேச வராதா, காது கேட்காதா?’ என்று உரிமையோடு கேட்கலாம் என்பதெல்லாம் தெரிகிறது. பதினைந்தாம் பாட்டில் உள்ளே இருப்பவள் எதிர்த்துப் பேசுகிறாள், வாக்குவாதம் நடக்கிறது. சாதிக்காரக் கண்ணும் வம்புக்காரக் கண்ணும் வைத்திருப்பதும் இதே தகவல்களைத்தான். வேறுபடுவது அந்த அறிவை வைத்துச் செய்யும் காரியம். ஒன்று அறிந்ததை வைத்து ஒருத்தியை எழுப்பிக் கூட அழைத்துப் போகிறது. மற்றது அறிந்ததை வைத்து ஒருத்தியை அவள் இடத்திலேயே உட்கார வைக்கிறது. அறிந்துகொள்வதும் கண்காணிப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஓர் ஊரின் ஆன்மிக வாழ்க்கை இந்த இரண்டையும் பிரித்தறியும் வேலையில்தான் அடங்கியிருக்கிறது.

மரபுக்கே இந்த அளவுகோல் தெரிந்திருந்தது என்பதுதான் அதன்மீது வைக்கக்கூடிய கடுமையான குற்றச்சாட்டு. திருப்பாவையில் தோய்ந்ததனால் திருப்பாவை ஜீயர் என்றே அழைக்கப்பட்ட இராமாநுசர், பாண்டிய நாட்டின் இன்னொரு சின்ன ஊரான திருக்கோஷ்டியூரில், தமக்கு ரகசியமாகச் சொல்லப்பட்ட மந்திரப் பொருளை எல்லோர் காதிலும் விழச் சொன்னார் என்றும், அதற்குக் கிடைக்கும் நரகத்தையும் ஏற்கத் துணிந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தக் கதையைப் போற்றி வளர்த்த சமூகத்துக்கு எது சரி என்று தெரிந்தே இருந்தது என்பதற்கு அதுவே போதிய சாட்சி. சௌலப்யம் என்ற கொள்கையைத் தர்க்கத்தோடு பின்தொடர்ந்தால் ஒரே முடிவுதான் வரும். எளியவனாக இருப்பது இறைவனின் சிறப்புக் குணம் என்றால், ஒரே ஒருவருக்கு அவன் எட்டாதவனாக ஆக்கப்பட்டாலும் அந்த இடத்தில் அந்தக் குணம் இல்லை. அந்தக் குணம் இல்லாத இடத்தில் அர்ச்சை என்பது மரபு தானே சொன்ன பொருளை இழந்துவிடுகிறது. தாகத்தோடு வந்தவனை விரட்டினால் மடுவில் நீர் தேங்கி நின்றும் பயனில்லை. வாசலை மூடிய ஊர், சமூகநீதியில் தவறியதோடு நிற்காமல் தன் இறையியலையே பொய்யாக்குகிறது. ஆகவே அம்பேத்கரின் குற்றச்சாட்டு ஊர் என்ற கருத்தை ஒழித்துவிடவில்லை. ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை ஊரே நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற கடனாக அது நிற்கிறது.

இன்னொரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. சின்ன ஊரைத் தத்துவத்தால் உயர்த்திப் பேசுவது, வசதியில்லாமல் தவிக்கிறவர்களுக்குச் சொல்லும் ஆறுதலாகிவிடாதா? அவசரச் சிகிச்சைக்கு மதுரைக்கு ஓட வேண்டியவரிடம் போய் ஆலிலைக் குழந்தையைப் பற்றிப் பேசுவது நியாயமா? பெரியது சிறியதில் முழுமையாக இருக்க முடியும் என்ற கூற்றை இல்லாமைக்குச் சமாதானமாகப் பயன்படுத்தினால் நியாயம் இல்லை. ஆனால் அந்தக் கூற்று எதிர்த்திசையில்தான் வேலை செய்கிறது. ஆகாயம் தேவதானத்துக்கும் முழுதாக உண்டு என்று சொன்னவர்கள், நல்ல மருத்துவரும் நல்ல நூலகமும் சென்னைக்கு முழுதாகவும் தேவதானத்துக்கு மிச்சமாகவும் என்று பங்கு பிரிப்பதை எந்த நியாயத்தில் ஏற்க முடியும்? எட்டும் தூரம் என்பதைக் கடவுளின் இலக்கணமாக ஏற்றவர்களுக்கு அதுவே பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அளவுகோலாக வேண்டும். இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச.குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். அவர் தம் சொந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தார். தலைநகர்வரை போன ஒருவர் தலைநகரில் கிடைப்பதை ஊரிலும் கிடைக்கச் செய்ய நினைத்ததன் அடையாளம் அது. மாலை திருப்பதிக்குப் போவதுபோல அரங்கன் இங்கே வந்ததையும் நினைவில் வைத்திருக்கிற ஊரில், போக்கு மட்டும் இருந்து வரத்து இல்லாவிட்டால் அது விதியாகாது, கொள்கைத் தவறு.

ஆகவே ‘ஊர்ல என்ன இருக்கு?’ என்ற கேள்விக்குக் கோபுரத்தையும் தேரையும் பால்கோவாவையும் காட்டிப் பதில் சொல்வது போதாது. அவை பெருமைப்படத் தக்கவைதான், ஆனால் கேள்வி அவற்றைப் பற்றியது இல்லை. முழுமை ஓர் ஊருக்குள் இருக்க முடியும் என்று இந்த வட்டாரத்தின் சமயங்கள் உறுதியாகச் சொல்கின்றன. அந்த முழுமை எல்லோருடைய கைக்கும் எட்டினால்தான் அது அங்கே இருப்பதாகும் என்றும் அதே மூச்சில் சொல்கின்றன. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் ஊர்ப்பெருமை பேசினார்கள், இரண்டாம் பாதி இன்னும் பாக்கி. தங்குகிறவரா, போகிறவரா என்பதில் ஒருவருடைய நிறைவு அடங்கியில்லை. சோழபுரத்தில் தங்கியும் பக்கத்துத் தெருவுக்கு ஒருமுறையும் போகாமல் வாழ்ந்து முடிக்கலாம். சென்னையின் அடுக்ககத்தில் இருந்துகொண்டும் பத்து வாசல்களில் நின்று அழைக்கலாம். ஆனால் சின்ன ஊரில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே யார் வெளியே நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம், இங்கே அதற்கு வழியில்லை. அந்த அறிவு ஊராரின் கையில் எப்போதும் இருக்கிறது. அதை வைத்து வெளியே நிற்பவரை உள்ளே அழைக்கப் போகிறார்களா, மறுபடி எண்ணி ஒதுக்கப் போகிறார்களா என்பதே ஒவ்வொரு தலைமுறையும் பதில் சொல்ல வேண்டிய சமயக் கேள்வி.